கொடுபடாத தொகை: நிறுவனத்தின் கணக்கும் குடும்பத்தின் கணக்கும்

“காப்பீடு இருக்கிறதே, பிறகு ஏன் பணம் கட்டச் சொல்கிறார்கள்?” என்ற கேள்வியை எங்கள் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பும் நாளில்தான் இக்கேள்வி எழுகின்றது. அப்போது குடும்பத்தாரின் கையில் ரசீது இருக்கும். வாசலில் வண்டி காத்திருக்கும். விளக்கம் கேட்கவோ கூறவோ நேரம் இராது. சில குடும்பங்கள் அன்றே நகையை அடகு வைக்கின்றன. சிலர் அடுத்த மாதம் வாங்க வேண்டிய மாத்திரைகளை நிறுத்திவிடுகின்றனர். இரண்டாவது வகையினரே எங்களுக்கு மிகுந்த கவலை தருகின்றனர்.

காப்பீட்டுக் கோரிக்கை எவ்வழியே செல்கின்றது, இன்னும் கொடுக்கப்படாத தொகையைக் காப்பீட்டு நிறுவனம் எவ்வாறு கணிக்கின்றது, அதே கணக்கைக் குடும்பம் தனக்காகப் போட்டுக்கொள்வது எப்படி ஆகியவற்றை இக்கட்டுரையில் விளக்க விழைகின்றோம். நோயாளி உள்நோயாளியாகச் சேரும் நாளிலேயே இதனைப் படிப்பது நலம்.

எந்தக் காப்பீடு என்பதை முதலில் அறிக

எங்களிடம் வரும் நோயாளிகள் இரு வகைக் காப்பீடுகளை வைத்திருக்கின்றனர். முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்றது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இது பாதுகாப்பு அளிக்கின்றது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தின்படி குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்னும் பிரீமியத்தை அரசே செலுத்துகின்றது. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இதனைப் பயன்படுத்தலாம்.

இத்திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. மருத்துவமனைக்குக் கிடைப்பது அத்தொகையே. எனவே பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கப்படுமானால், 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். இதுவரை அட்டை பெறாதோர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும்.

இரண்டாவது வகை, குடும்பமே பிரீமியம் செலுத்தி வாங்கிய பாலிசி, அல்லது பணிபுரியும் நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு. இதில் தொகுப்புக் கட்டணம் இல்லை. பாலிசியின் நிபந்தனைகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. பணம் குறைந்துவிட்டது என்று வருந்தி வருவோரில் பெரும்பாலோர் இவ்வகையினரே.

கோரிக்கை செல்லும் வழி

ரொக்கமில்லாச் சிகிச்சை, அதாவது ‘கேஷ்லெஸ்’ முறையில், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு முன் அனுமதிப் படிவத்தை அனுப்புகின்றது. நோயின் பெயர், எத்தனை நாளாக அறிகுறிகள் உள்ளன, செய்யவிருக்கும் சிகிச்சை, எதிர்பார்க்கும் நாள்கள், எதிர்பார்க்கும் செலவு ஆகியவற்றை அதில் மருத்துவர் நிரப்புகின்றார். அப்படிவம் நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் செயற்படும் டி.பி.ஏ. என்னும் மூன்றாம் தரப்பு நிர்வாகிக்கோ செல்கின்றது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கையின்படி, இம்முன் அனுமதி குறித்து ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை இறுதிக் கணக்கை அனுப்பியபின் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி, மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அக்கூடுதலை நிறுவனமே ஏற்க வேண்டும்.

முதல் அனுமதியில் வரும் தொகை, கேட்ட முழுத் தொகையாக இருப்பது அரிது. ஒரு பகுதிக்கு மட்டும் ஒப்புதல் தந்து, சிகிச்சை முன்னேறும்போது மீதியைக் கேட்குமாறு நிறுவனம் கூறுவதுண்டு. நான்கு நாளில் வீடு திரும்புவார் என்று கருதிய நோயாளிக்கு நுரையீரலில் தொற்று ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தால், அன்றே கூடுதல் தொகைக்கான விண்ணப்பம் அனுப்பப்பட வேண்டும். அனுப்பப்பட்டதா என்று உடனிருப்போர் காப்பீட்டுப் பிரிவில் கேட்பது தவறன்று; கேட்க வேண்டும் என்றே நாங்கள் விரும்புகின்றோம்.

திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையாயின் சேர்வதற்கு 48 மணி நேரம் முன்பும், அவசரமாயின் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020 ஏப்ரலில் அறிமுகமான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிசியின் நிபந்தனை. முதலில் பணம் செலுத்திப் பின்னர் கோருவோர், அப்பாலிசியில் வீடு திரும்பிய 30 நாளுக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பிற பாலிசிகளில் கால அளவு மாறுபடலாம். தத்தம் பாலிசியைப் பார்த்துக்கொள்க.

மருத்துவர் எழுதும் ஒரு வரி

கோரிக்கைக் கோப்பில் நிறுவனத்தின் மருத்துவர் கவனமாகப் படிக்கும் ஏடு, ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ எனப்படும் சிகிச்சைச் சுருக்கம். அதிலும் அவர் கண் முதலில் தேடுவது முந்தைய நோய்களைப் பற்றிய வரியை.

சர்க்கரை நோய் எத்தனை ஆண்டாக உள்ளது என்று கேட்டால், “அது கிடக்கு, அஞ்சாறு வருசமா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. சொன்னது அவ்வாறே ஏட்டில் ஏறும். பாலிசி எடுத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்து, எடுக்கும்போது சர்க்கரை நோயைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், அந்த ஒரு வரியால் கோரிக்கை முழுவதும் கேள்விக்குள்ளாகும். உண்மையில் நோய் கண்டறியப்பட்டது சென்ற ஆண்டாகவே இருக்கலாம். ஆதலால் முதன்முதலில் சர்க்கரை கண்டறியப்பட்ட பரிசோதனைச் சீட்டையும், பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். நினைவைவிடச் சீட்டு நம்பத்தக்கது.

எழுதிய வரியைப் பின்னர் மாற்றித் தருமாறு சிலர் எங்களிடம் வேண்டுவதுண்டு. சான்று கொண்டு வந்தால் திருத்துகின்றோம். சான்றின்றி எங்களால் மாற்ற இயலாது. உண்மையல்லாத மருத்துவக் குறிப்பு அடுத்த சிகிச்சையைத் தவறான வழியில் செலுத்தும். பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்களை மறைக்காமல் சொல்வதே நல்லது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இன்று 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் செலுத்திய பாலிசியில், மோசடி நிறுவப்பட்டாலன்றி, தகவலை மறைத்தார் என்ற காரணத்தால் கோரிக்கையை மறுக்க முடியாது.

திறந்த நீரும் கடைமடையும்

இனி, காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் வருவோம். நிறுவனம் இதுவரை கொடுத்த தொகை அதன் கணக்கில் தெளிவாக இருக்கும். ஆனால் சிகிச்சை முடிந்தும் பில் வந்து சேராதவர்கள் உள்ளனர். பில் வந்தும் ஆய்வில் இருப்பவை உள்ளன. இன்று படுக்கையில் இருப்போரின் செலவு எங்கு நிற்கும் என்பது தெரியாது. இவை யாவும் நிறுவனத்தின் கடனே. அவற்றை மதிப்பிட்டு, அதற்குரிய பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டியது சட்டப்படியான கடமை.

டெல்டாக்காரர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஜூன் 12 அன்று மேட்டூரில் நீர் திறக்கப்படுகின்றது. அன்று மாலை பேராவூரணி வாய்க்கால் வறண்டே கிடக்கும். அதனால் நீர் திறக்கப்படவில்லை என்று எவரும் சொல்வதில்லை. கல்லணைக்கு எப்போது வரும், கடைமடைக்கு எத்தனை நாளாகும், வழியில் எவ்வளவு குறையும் என்பவற்றை முந்தைய ஆண்டுகளின் அனுபவத்தைக் கொண்டு கணிக்கின்றனர். நிகழ்ந்துவிட்டது, ஆனால் நிறுவனத்துக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை என்ற நிலையில் உள்ள மருத்துவச் செலவும், மேட்டூரை விட்டுப் புறப்பட்டுக் கடைமடையை அடையாத நீரைப் போன்றதே.

இதனைக் கணிப்பவர் ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர். அவர் ஓர் அட்டவணை வரைகின்றார். சிகிச்சை நடந்த மாதங்கள் மேலிருந்து கீழாகவும், அதன்பின் கழிந்த மாதங்கள் இடமிருந்து வலமாகவும் அமையும். பழைய மாதங்களின் வரிசைகள் நிறைந்திருக்கும். அண்மை மாதங்களின் வரிசைகள் குறையாக நிற்கும். நிறைந்த பகுதி முக்கோண வடிவில் தோன்றும். முந்தைய வரிசைகள் எந்த விகிதத்தில் வளர்ந்தனவோ, அதே விகிதத்தில் குறையான வரிசைகளை நிரப்புவதைச் ‘சங்கிலி ஏணி’ முறை என்பர்.

ஓர் எடுத்துக்காட்டு: மார்ச் மாதச் சிகிச்சைகளுக்காக மார்ச் 31 வரை ஒரு நிறுவனம் 60 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கின்றது எனக் கொள்வோம். ஒரு மாதச் சிகிச்சைக்கு இறுதியில் கொடுபடும் மொத்தத்தில் 60 விழுக்காடே அம்மாத இறுதிக்குள் கொடுபடும் என்பது முந்தைய அனுபவமானால், இறுதித் தொகை 1 கோடி. கொடுபடாதது 40 லட்சம். வந்து ஆய்வில் உள்ள பில்கள் 28 லட்சம் என்றால், எஞ்சிய 12 லட்சம் இன்னும் கண்ணுக்குத் தெரியாத செலவு. வந்த பில்களில் சில பின்னர் பெருகுவதும் இதற்குள் அடங்கும். 40 லட்சத்தையும் நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கில் கடனாகக் காட்டியாக வேண்டும். அதற்கு மேலும், விதித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு மூலதனத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. கொடுபடாததைக் குறைவாகக் கணித்த நிறுவனம் அவ்வாண்டு லாபம் காட்டும். பிறகு பிரீமியத்தை உயர்த்தும். பெருக்கிக் காட்டிய பில்லும் பொய்யான கோரிக்கையும் இதே அட்டவணையில் ஏறி, ஒழுங்காகப் பிரீமியம் செலுத்தும் குடும்பங்களின் தலையில் விடிகின்றன.

சம்பாவுக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு

நம் பகுதி உழவர்களுக்குக் காப்பீடு என்றதும் நினைவுக்கு வருவது 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டமே. அதில் சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. இழப்பைக் கணிப்பது பயிர் அறுவடைப் பரிசோதனை வாயிலாக. தெரிவு செய்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அந்த 25 சதுர மீட்டரில் விளைந்ததை அறுத்து எடை போடுகின்றனர். அவ்வாறு சில வயல்களில் கிடைத்த சராசரியே அப்பகுதி முழுமைக்குமான விளைச்சலாகக் கொள்ளப்படுகின்றது. ஊர்ச் சராசரி நன்றாக இருந்தால், தன் வயல் மட்டும் மூழ்கியவருக்கு அக்கணக்கில் ஒன்றும் கிடைப்பதில்லை.

மருத்துவக் காப்பீடு அவ்வாறன்று. இங்கே ஊர்ச் சராசரி இல்லை. ஒவ்வொருவரின் பில்லும் தனித்தனியே பார்க்கப்படுகின்றது. தராசில் ஏறுவது உங்கள் கோப்பு மட்டுமே. கோப்பில் இல்லாத பரிசோதனைக்கும், ரசீது இல்லாமல் வெளிக் கடையில் வாங்கிய மருந்துக்கும் பணம் வராது. பயிர்க் காப்பீட்டுப் பழக்கத்தால், “அவர்களே பார்த்துப் போடுவார்கள்” என்று காத்திருப்போரை நாங்கள் காண்கின்றோம். மருத்துவமனையில் உள்ள ஆவணங்களை நிறுவனமே நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை கூறுவது உண்மை. ஆனால் வெளியே எடுத்த ஸ்கேனும் வெளியே வாங்கிய மருந்தின் சீட்டும் உங்களிடம்தான் இருக்கும்.

குடும்பத்தின் கணக்கு

நிறுவனம் தனக்குரிய கொடுபடாத தொகையை மதிப்பிடுவதைப் போல, குடும்பமும் தன் பங்கை மதிப்பிட வேண்டும். அப்பங்கு பெரும்பாலும் அறை வாடகையிலிருந்து தொடங்குகின்றது.

மீண்டும் ஓர் எடுத்துக்காட்டு. பாலிசியில் நாள் வாடகை வரம்பு 3,000 ரூபாய். குடும்பம் எடுத்ததோ 6,000 ரூபாய் அறை. நான்கு நாள் வாடகை 24,000. மருத்துவர், அறுவை, செவிலியர் கட்டணங்கள் 80,000. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவை 96,000. ஆக மொத்தம் 2 லட்சம். வரம்பு பாதியாக இருப்பதால் வாடகையில் பாதி, அதாவது 12,000 மட்டுமே ஏற்கப்படும். மருத்துவர், அறுவைக் கட்டணங்களும் அதே விகிதத்தில் 40,000 ஆகக் குறையும். மருந்து, பரிசோதனை, கருவி ஆகியவற்றுக்கு இவ்விகிதக் கழிவு கிடையாது. ஆக ஏற்கப்படுவது 1,48,000. அதிலும் 5 விழுக்காடு நோயாளியின் பங்கு என்று பாலிசி கூறினால், கைக்கு வருவது 1,40,600. குடும்பம் செலுத்த வேண்டியது 59,400 ரூபாய்.

அதே நோயாளி 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்து, அவ்வறைக்குரிய மருத்துவர், அறுவைக் கட்டணங்கள் 60,000 ஆக இருந்திருந்தால், மொத்தம் 1,68,000. குடும்பத்தின் பங்கு 8,400 மட்டுமே. சிகிச்சை இரண்டிலும் ஒன்றே. ஓர் அறையின் தேர்வு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாட்டை உண்டாக்கிவிட்டது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளில் இவ்விகிதக் கழிவைச் செய்யக் கூடாது என்பதும் விதியே. கழிவு செய்திருந்தால் இதனைச் சுட்டிக் கேட்கலாம்.

கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் போன்ற, பல பாலிசிகள் ஏற்காத இனங்களையும் சேர்த்துக்கொள்க. இவை தவிர எந்த நிறுவனத்தின் அட்டவணையிலும் ஏறாத இழப்புகள் உள்ளன: ஊருக்கும் தஞ்சைக்கும் நாள்தோறும் வந்து செல்லும் செலவு, உடனிருப்பவரின் உணவு, நடவு நாளிலோ அறுவடை நாளிலோ அவர் இழந்த கூலி, வீடு திரும்பிய பின் மாதந்தோறும் வாங்க வேண்டிய மருந்து. எங்கள் அனுபவத்தில் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் செய்வது பெரும்பாலும் இந்த எழுதப்படாத செலவுகளே.

ஆகவே சேரும் நாளில் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுமாறு வேண்டுகின்றோம்: மருத்துவமனை கூறும் மதிப்பீடு, பாலிசி தரக்கூடியது, இரண்டுக்கும் இடையிலான தொகை, வீடு திரும்பிய பின் மூன்று மாதச் செலவு. மூன்றாம், நான்காம் வரிகளின் கூட்டுத்தொகையே உங்கள் கொடுபடாத தொகை. அத்தாளை எங்களிடம் காட்டுங்கள். தொகை மிகுதியாக இருந்தால், அறையை மாற்றலாம். விலை குறைந்த அதே தரமான மருந்தை எழுதலாம். அவசரமற்ற பகுதியைத் தள்ளிவைக்கலாம். அரசுத் திட்டத்துக்குத் தகுதியுள்ளோரை அங்கு வழிப்படுத்தலாம். வீடு திரும்பும் நாளில் இவற்றுள் ஒன்றும் செய்ய இயலாது. பல பாலிசிகள் வீடு திரும்பியபின் 60 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவையும் தருகின்றன. அந்த ரசீதுகளையும் சேர்த்து வைத்துக் கோருங்கள். இதனை அறியாமல் விட்டுவிடுவோர் பலர்.

மறுக்கப்பட்டால்

கோரிக்கை முழுதும் மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எக்கோரிக்கையையும் மறுக்கக் கூடாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும், ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை, அதாவது ஓம்பட்ஸ்மேனை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் காரைக்காலுக்கும் அவரது அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் ஆணையிட முடியும். மறுப்பில் மருத்துவக் காரணம் கூறப்பட்டிருந்தால், அக்கடிதத்துடன் எங்களிடம் வாருங்கள். சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்ற விளக்கத்தை எழுதித் தருவது மருத்துவரின் கடமைகளுள் ஒன்று.

நிறைவாக ஒன்று. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் செயலிழத்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வருவோருள் சிலர், காப்பீட்டு அட்டையைத் தேடியதால் தாமதமானது என்று கூறக் கேட்கின்றோம். மாரடைப்பில் கடந்து செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசையின் ஒரு பகுதியை அழிக்கின்றது; அதனை எந்தக் காப்பீடும் திருப்பித் தராது. அவசர நிலையில் நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சேர்ந்த பிறகும் நேரம் உண்டு. 108ஐ அழைத்து நோயாளியோடு முதலில் வாருங்கள். அட்டையை வீட்டில் உள்ளோர் பின்னால் எடுத்து வரட்டும்.